ஆவியில தொறந்த கடுதாசி

இல்ல மாஸ்டர், புதுசா ஒன்னும் எழுத வேணாம். எழுதுன கடுதாசி இருக்கு. அதப் பாத்து அப்புடியே சிங்களத்துல இன்னொன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா போதும், ஒரே ஒரு விசயத்த மட்டும் மாத்தி. எங்கூட்டுக்காரரு ஆமியில, பட்டாளத்துல இருக்காரு. பன்னெண்டு வருசம் முடியுது. இன்னும் இருக்கீங்களா, வெலகுறீங்களான்னு எழுதி அனுப்பச் சொல்லியிருக்காங்க. வெலகுறேன்னு எழுதியிருக்காரு. அத இருக்கேன்னு மாத்தணும். போஸ்டாபீஸ் மூடுறதுக்குள்ள ரெஜிஸ்டர் பண்ணணுங்க.

ஆமா, அவருதான் மாத்தச் சொன்னாரு. நேத்து சாயங்காலம் மனசு மாறிட்டாரு. அவருக்கு சிங்களம் நல்லா எழுத வரும், என்னா, கையில சுடுதண்ணி பட்டுருச்சு. வலது கை. அதான் என்ன அனுப்புனாரு.

உறை ஏன் ஈரமா இருக்குன்னா கேக்குறீங்க? மழையில வந்தேன்ல.

...ஓ. ஹட்டன்ல இன்னைக்கு வெயிலா.

சரி விடுங்க மாஸ்டர். கை நல்லாத்தான் இருக்கு அவருக்கு. உறைய ஒட்டித்தான் குடுத்தாரு, டவுனுக்குப் போறப்ப போட்டுருன்னு. நாந்தான் இடியாப்பம் அவிக்கிற ஆவியில காட்டித் தொறந்தேன். தன்னால வாய தொறந்துருச்சு. தொறந்து என்னா, எனக்குச் சிங்களம் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. எங்க ஊரு பொகவந்தலாவையிலயும் உங்கள மாதிரி கடுதாசி எழுதிக் குடுக்க ஆள் இருக்காங்க. அங்க எல்லாருக்கும் என்னத் தெரியும். இடியாப்ப வினோதான்னா சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். அதான் பஸ் ஏறி இங்க வந்தேன்.

எடுக்க மாட்டேங்கிறீங்க. சரி, மேசையில வைக்கிறேன், அது பாட்டுக்கு இருக்கட்டும். அடுத்தவங்க கடுதாசியத் தொட மாட்டேன்னா, நியாயந்தான். எதுக்கு மாத்தணும்னு சொல்றேன். ஆள் வர்றாங்களா? வந்தா நான் எந்திரிச்சு ஒதுங்கிக்கிறேன்.

ஐயோ, அப்புடியெல்லாம் இல்லைங்க. குடிக்க மாட்டாரு. ஒரு நாள் கை நீட்டுனதில்ல. உன் புருசன் ஜெயகாந்தன் மாதிரி ஒரு மனுசன் கெடைக்க நீ குடுத்து வச்சவன்னு லயத்து வீடுங்க பூரா சொல்லும். எங்க தேயிலத் தோட்டத்துல இருந்து ஆமிக்குப் போன மொத ஆளு அவருதான். போறப்ப ஏசுனாங்க, அங்க போய் என்னா செய்யப் போற, சிங்களவங்க உன்னச் சேத்துக்குவாங்களான்னு. எங்க மாமியா ராக்காயி மூனு நாள் ஒல வைக்கல. இவரு போயிட்டாரு. கொழுந்துக் கூடைக்கும் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திக்கும் இந்தக் கையக் குடுக்க மாட்டேன்னு போயிட்டாரு. இப்ப அவரு தூக்கத்துல பேசுறதே சிங்களத்துலதான். கேம்ப்ல மொதல்ல குசினியில சமையல் வேல, அப்பறம் ஸ்டோர்ஸ்ல போட்டாங்க. நல்ல பேரு.

கல்யாணம் முடிச்சு பத்தாம் நாளு லீவு முடிஞ்சுருச்சு அவருக்கு. நானும் கொஞ்ச நாள் கொழுந்தெடுக்கப் போனேன். மக சுலக்ஷனா பொறந்த பொறகு முடியல. ஒரு நாள் பஸ் ஸ்டாண்ட் சாப்பாட்டுக் கடையில இடியாப்பம் பத்தலன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நாளைக்கு நான் கொண்டாந்து தரட்டான்னு கேட்டேன். என்னா தைரியத்துல கேட்டேன்னு தெரியல. வீட்டுல ஒரே ஒரு இடியாப்ப உரலு, ஏழு தட்டு. அப்புடித்தான் ஆரம்பிச்சது. இப்ப நாலு கடைக்குப் போகுது. நிஷாந்தியும் இன்னும் ரெண்டு பிள்ளைங்களும் என்னோட வேல செய்யுதுங்க. மொத பஸ்ஸுல கூடைய ஏத்திவிட்டா கண்டக்டரே எறக்கிக் குடுத்துருவாரு. மாவு எந்தப் பதத்துல கையில ஒட்டாம வரும்னு நான் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

அவருக்கு அதுல பெருமைதான். இல்லேன்னு சொல்லல. கேம்ப்ல எல்லாருக்கும் போன்ல போட்டோ காட்டுவாராம். அவரு கூட்டாளி ரெண்டு பேரு வெலகிப் போய் தொழில் செய்யுறாங்க, ஒருத்தன் கோழி வளக்குறான், ஒருத்தன் வலப்பனைப் பக்கம் டயர் கடை போட்டிருக்கான். அதப் பாத்து இவருக்கும் புடிச்சுக்கிச்சு. நம்ம பிஸ்னஸ்ஸ பெருசா செய்யணும் வினோதா, நான் வந்துர்றேன்னாரு. நம்ம பிஸ்னஸ். சரிங்கன்னேன். வேற என்னா சொல்றது? வராதீங்கன்னா சொல்ல முடியும்?

இந்தத் தடவ நீட்டு லீவுல வந்தாரு. வந்த நாலாம் நாளு வேல செய்யுற பிள்ளைங்களுக்குப் பெரட்டு வச்சாரு, மாஸ்டர். ஆமா, பெரட்டுதான். விடியக்காலம் அடுப்பு பத்த வைக்க முந்தி மூனு பேரையும் வரிசையா நிக்க வச்சு, பேரு கூப்பிட்டு, கொப்பியில நேரம் எழுதுறாரு. இதுங்க தோட்டத்துப் பெரட்டுல நிக்க மாட்டோம்னுதான் எங்கிட்ட வந்துச்சுங்க. நிஷாந்தி என்னப் பாக்குது. நான் மாவுக்குள்ள தலைய விட்டுக்கிட்டேன்.

கொற சொல்ல முடியாதுங்க. எல்லாத்தையும் ஒழுங்குபடுத்துறாரு. தட்டையெல்லாம் நம்பர் போட்டு அடுக்கியிருக்காரு. இடியாப்பம் புழியுற மெஷின் பாக்கணும்னு கினிகத்தேனைக்கு ஸஃப்வான் நானா கடைக்குப் போயிருக்காரு இன்னைக்கு. போர்டும் எழுதக் குடுத்தாச்சு, ஜெயகாந்தன் இடியாப்ப நிலையம்னு. கோயில்ல வச்சு லயத்து ஆளுங்க மால போட்டாங்க. நம்ம பய இனி நம்மளோடயேன்னு எங்க மாமியா அழுவுது. எல்லாரும் எங்கிட்டச் சொல்றாங்க, இனி நீ ஒக்காந்து சாப்பிடலாம் வினோதான்னு. நான் எங்க ஒக்காருறது? அடுப்புக்கு முன்னாடி நான் ஒக்காருற பலகையில அவரு கொப்பி இருக்கு.

கோவமா? அதெல்லாம் வரலைங்க. கோவம் வந்தாலாச்சும் நல்லாருக்கும். ஒன்னும் வரல. அவரு பேசுறாரு, நான் தலையாட்டுறேன். சோறு போடுறேன். தண்ணி சுட வச்சுக் குடுக்குறேன். நானே எனக்குத் தள்ளி நிக்கிற மாதிரி இருக்கு. என் மேல கொஞ்சம் கிள்ளிப் பாத்தேன் ஒரு நாளு. வலிக்கத்தான் செஞ்சது.

பிள்ளையா? அதுக்குப் பத்து வயசு. லீவுல வந்தா அவரு பின்னாடியே திரியும், மடிய விட்டு எறங்காது. இந்தத் தடவ மூனாவது வாரம் என் காதுக்குள்ள வந்து கேட்டுச்சு, அம்மா, அப்பா இன்னும் போகலையான்னு. பட்டுனு அறஞ்சுட்டேன். பெத்ததுல இருந்து அத நான் அடிச்சதே இல்ல. ஏன் அடிச்சேன்னு அன்னைக்குப் பூரா உரலப் புழிஞ்சுக்கிட்டே யோசிச்சேன். அது கேட்டதத்தான் நானும் உள்ளுக்குள்ள கேட்டுக்கிட்டு இருந்தேன், மாஸ்டர்.

அதான். இனி நீங்க வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சுத்தான் சொல்றேன். எனக்கு அவர புடிக்காம இல்ல. பதினஞ்சு நாளைக்கு எனக்கு அவர ரொம்பப் புடிக்கும். வர்ற நாள எண்ணிக்கிட்டு இருப்பேன், மீன் வாங்கி வைப்பேன், தலைக்குக் குளிச்சு நல்ல சேல உடுத்திக்குவேன். பதினஞ்சு நாளு போச்சுன்னா, வீட்டுக்குள்ள யாரோ வெளியாளு இருக்க மாதிரி ஆயிருது. கட்டுன இத்தன வருசத்துல பதினஞ்சு பதினஞ்சு நாளாத்தான் அவர எனக்குத் தெரியும். அதுக்கு மேல எப்புடி இருக்கணும்னு எனக்குத் தெரியல. யாரும் பழக்கல. அவரு ஆமியில இருக்கட்டும். லீவுல வரட்டும். மீதி நாளெல்லாம் நான் என் அடுப்போட இருந்துக்கிறேன்.

தெரிஞ்சுருமாவா? தெரியாதுங்க. அவரு வெலக எழுதினோம், மேல விடலன்னு நெனச்சுக்குவாரு. மேல இருந்து ஒன்னு சொல்லிட்டா ஏன்னு கேக்குற பழக்கமே அவருக்கு இல்ல. அந்தக் கையெழுத்தா? அத நான் போட்டுருவேன். ஸ்கூல் ஃபாரம், கிராம சேவகர் ஃபாரம், தோட்டத்து ஆபீஸ் ஃபாரம், எல்லாத்துலயும் அவரு கையெழுத்த நாந்தான் போடுறது. வீட்டுல ஆம்பள இல்லேன்னா அதத்தானே செய்யணும்? ஒரு தடவ அவரே வந்து போட்டாரு, ஆபீஸ்ல கிளாக்கர் ஐயா இது வேற மாதிரி இருக்கேன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அன்னைக்கு ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

எழுதுவீங்களா? பாவம்னு நெனச்சா எழுத வேணாம். தப்புன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன்.

சரி, பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. எந்த எடத்துல மாத்தணும்னு நீங்கதான் பாக்கணும், எனக்கு எல்லாம் வட்டம் வட்டமாத்தான் தெரியுது.

என்னாங்க? ஏன் கண்ணாடியக் கழட்டுறீங்க?

இருக்கேன்னா எழுதியிருக்கு?

இல்ல, நல்லாப் பாருங்க மாஸ்டர். வெலகுறேன்னு இருக்கும். லயம் பூரா சொல்லியிருக்காரே. போர்டு எழுதக் குடுத்துட்டாரே. மெஷினுக்குப் போயிருக்காரே. வேற ஏதாச்சும் பழைய கடுதாசியா? தேதி என்னா போட்டிருக்கு?

முந்தாநாளு. சரி.

இன்னொருக்கா வாசிங்க. மெதுவா. தமிழ்லயே சொல்லுங்க. தொடர்ந்து சேவையில இருக்க விரும்புறேன். ம். முடிஞ்சா தூரத்துல ஒரு கேம்ப்புக்கு மாத்திக் குடுத்தாலும் சம்மதம். ம். காரணம்னு ஏதும் போட்டிருக்காரா?

குடும்பத்தோட நன்மைக்காக.

அப்புடியா எழுதியிருக்காரு?

இல்ல மாஸ்டர், தண்ணியெல்லாம் வேணாம். நல்லாத்தான் இருக்கேன். எனக்குச் சந்தோசந்தான் வரணும். நான் கேட்டு வந்தது ஏற்கனவே எழுதியிருக்கு, உங்களுக்கும் பாவம் இல்ல, எனக்கும் பாவம் இல்ல. ஆனா பாருங்க, நெஞ்சுக்குள்ள ஒரு பக்கம் காத்து மாதிரி இருக்கு. என்னோட இருக்க முடியலன்னு அவருக்கும் தோணியிருக்கு. என் கையால தின்னுக்கிட்டே, என் பக்கத்துல படுத்துக்கிட்டே தோணியிருக்கு. நான் நெனச்சா வலிக்கல. அவரு நெனச்சாரு பாருங்க, அது வலிக்குது.

நேத்து வாசப்படியில குந்தி ஆமி சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தாரு, ரொம்ப நேரம். யாருக்காச்சும் குடுக்கப் போறாருன்னு நெனச்சேன். மால போட்டவங்க மூஞ்சியில எப்புடிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் மெஷின் மெஷின்னு ஓடிக்கிட்டு இருக்காரு போல. பாவம். கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், போங்கன்னு. அவரும் கேக்கல. நானும் கேக்கல.

மாத்த வேணாம். ஒட்டிருங்க. பசை இருக்குதானே? ஓரம் தூக்கிக்கிட்டு இருக்கு, நல்லா அமுக்கி விடுங்க, தொறந்தது தெரியக்கூடாது. ரெஜிஸ்டர் பண்றது எந்தக் கவுண்டர்ங்க, அந்தக் கடைசியா?

வாறேன் மாஸ்டர். கொஞ்ச நாள்ல ஒரு சாயங்காலம் போனப் பாத்துக்கிட்டே எங்கிட்ட வந்து சொல்லுவாரு, என்னா செய்ய வினோதா, விட மாட்டேங்கிறாங்கன்னு. எனக்கு ஒன்னும் தெரியாத மாதிரி நிக்கணும். அழுவணும். லீவு முடிஞ்சு போறப்பெல்லாம் அழுதுருக்கேன், அழாம இருந்தா அவரு என்னா நெனப்பாரு. இந்தத் தடவ எனக்கு அழுக வருமான்னுதான் தெரியல.