சுவர் ஓணான்கள்

தங்கை: நீ பொய் சொல்றக்கா.

அக்கா: நானா? காலையில இருந்து கூண்டு கூண்டா ஓணானுக்கு வெட்டுக்கிளி போட்டுட்டு நிக்கறேன். பொய் சொல்ல எனக்கு எங்க நேரம்?

தங்கை: எட்டு வருஷ அளவு நோட்டுல ஏழு நோட்டு அலமாரியில இருக்கு. நாலாவது வருஷ நோட்டு மட்டும் காணோம். என்ன, அதுக்குக் கால் முளைச்சிடுச்சா?

அக்கா: முளைச்சிருந்தா அளந்து எழுதியிருப்பேனே.

தங்கை: விளையாடாதே. நாளைக்கு பிஹெச்டி இண்டர்வியூ. இருக்கறது ஒரே ஒரு இடம்...

அக்கா: தெரியும்டி. ஒரு வாரமா வீட்டுல சோத்தோட அதையும் சேர்த்துத்தானே பரிமாறற.

தங்கை: அந்த வருஷம்தானே வளாகத்துல மரத்தையெல்லாம் வெட்டி, ஓணானெல்லாம் சுவத்துக்கு வந்துச்சு? அந்த அளவு இல்லாம நான் என்னத்தைக் காட்டறது? தலைமுறைக்குத் தலைமுறை கால் நீளமாகிட்டே வருது. என் ஆராய்ச்சியே அதுதான்!

அக்கா: யாரோட ஆராய்ச்சி?

தங்கை: ...சரி, அளந்தது நீ.

அக்கா: அளந்தது மட்டும்தானா? வேகாத வெயில்ல ஏணி மேல நின்னு, விரல்ல கடி வாங்கி... கால் நீளுதுன்னு முதல்ல சொன்ன வாய் எது?

தங்கை: உன் வாய்தான். ஏன் நீளுதுன்னு கண்டுபிடிச்சது நான். குட்டைக் கால்காரன் சுவத்துல ஓட முடியாம பூனைகிட்ட மாட்டறான், நீளக் கால்காரன் தப்பிச்சு வம்சத்தைப் பெருக்கறான்...

அக்கா: அந்தப் பூனையை உனக்குக் காட்டினதே நான்தான்.

தங்கை: அப்பப்பா! நேராவே சொல்லேன். உனக்கு வயித்தெரிச்சல்.

அக்கா: ஆமா.

தங்கை: ...என்ன, பொசுக்குன்னு ஒத்துக்கிட்ட?

அக்கா: எரியுது, ஒத்துக்கறேன். நானும் எம்மெஸ்ஸி முடிச்சவதான். ஒரு வருஷம்னு இந்த உதவியாளர் வேலைக்கு வந்தேன், எட்டாச்சு. நேத்து வந்த உன்னை மேடையில நிக்க வெச்சு புரொபசர் பேசச் சொல்றாரு. எனக்கு, "ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா."

தங்கை: உனக்கு மட்டும்தான் எரியுமா? மூணு மாசம் கண் முழிச்சுக் கணக்குப் போட்டு எடுத்துட்டுப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "உங்க அக்கா பார்த்தாளா?"

அக்கா: நிஜமாவா?

தங்கை: இளிக்காதே! எதைக் கேட்டாலும் "அக்காகிட்ட கேளு". இந்தக் கட்டடத்துல யாருக்கும் என் பேரே தெரியாது. "ஓணான் அக்காவோட தங்கச்சி", அவ்வளவுதான்... ஆமா, உன் பை ஏன் இந்தக் கனம் கனக்குது?

அக்கா: அதை வை கீழே.

தங்கை: சாப்பாட்டு டப்பாவா?

அக்கா: வைன்னு சொன்னேன்ல!

தங்கை: நீல அட்டை... "நான்காம் ஆண்டு"! அடிப்பாவி. அக்காவா நீ? கூடப் பொறந்தவளுக்கே குழி... இரு, உள்ள என்ன கடிதம் இது?

அக்கா: கொடு இங்க.

தங்கை: "காலை ஒன்பது மணிக்கு நேர்காணல்"... நாளைத் தேதி! உனக்கா?

அக்கா: ஒன்பதுக்கு எனக்கு. பத்தரைக்கு உனக்கு.

தங்கை: அதே இடத்துக்கு... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

அக்கா: சொல்லியிருந்தா நீ விண்ணப்பம் போட்டிருக்க மாட்ட. இல்ல, என்னைப் போட விட்டிருக்க மாட்ட. ரெண்டுல எதுன்னு தெரியல, அதான் வாயை மூடிக்கிட்டேன். நோட்டை ஒளிச்சது தப்பு. எடுத்துக்கோ. இதுல இருக்கறது எனக்கு மனப்பாடம்.

தங்கை: யாரு... யாருக்கா உன்னைப் போடச் சொன்னது?

அக்கா: யாரும் சொல்லல. அதுதானே வலி. எட்டு வருஷத்துல ஒரே ஒரு ஆள், "நீ மேல படிக்கறியா"ன்னு கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே, நீ இங்க வர்றதுக்கு முன்னாலயே சேர்ந்திருப்பேன்... ஏய், என்னடி இது? எதுக்கு அழற? நோட்டைத்தான் கொடுத்துட்டேனே!

தங்கை: கேட்டாருக்கா... போன வருஷம் புரொபசர் என்கிட்ட கேட்டாரு. "உங்க அக்காவுக்கு ஒரு இடம் வெச்சிருக்கேன், சேருவாளா"ன்னு. உனக்குப் படிப்புல இஷ்டமே இல்லன்னு நான்தான் சொல்லிட்டேன்.