சின்ன எலும்புகளின் பெரிய டாக்டரம்மாவுக்கு

அரிசிமணி அளவுகூட இல்லாத காது எலும்பை அலுங்காம குலுங்காம சீர்படுத்தி, அடங்கிப்போன சத்தத்தை ஆயிரம் பேருக்குத் திருப்பிக் கொடுத்த கைராசிக்காரரே! கண்டிப்பும் கனிவும் கலந்த எங்க மேடம் அவர்களே, வணக்கம்.

இன்னிக்கு ஓய்வு பெறுற உங்க இருபத்தெட்டு வருஷ சேவையை முழுசா எழுதினா இந்த ஃபிரேம் பத்தாது. அதனால ஒருத்தரைப் பத்தி மட்டும் சொல்றோம். வலது காது போன நம்ம மெக்கானிக் அண்ணன்.

இன்ஜின் சத்தத்தை வெச்சே கோளாறு சொல்றவர் அவர். நாள்பட்ட சீழ், காதோட நடு எலும்பை அரிச்சிடுச்சு. வலது பக்கம் நின்னு பேசின வாடிக்கைக்காரங்க அவரைத் திமிர் பிடிச்சவர்னாங்க. வீட்டம்மாவோ, வேணும்னே காதுல போட்டுக்காத மனுஷன்னாங்க. நீங்க செயற்கை எலும்பு வெச்சீங்க. சில மாசம் கழிச்சு எடுத்த டெஸ்ட்ல ரிசல்ட் பிரமாதம். டாக்டருங்க மாநாட்டுக்கே கொண்டுபோறதா இருந்துச்சு. பழக்கூடையோட வந்த அண்ணன், நல்லா கேக்குதுன்னார். கேக்கலேன்னு அவருக்குத் தெரியும். இவ்ளோ பாடுபட்ட டாக்டரம்மா முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு மென்னு முழுங்கிட்டார்.

நீங்க வழக்கம்போல, கேக்குதான்னு கேக்கவே இல்ல. டெஸ்ட் ரூம்ல இடது காதுல இரைச்சல் வந்துச்சான்னு கேட்டீங்க. அப்படி ஒண்ணும் வரலையேன்னார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இரைச்சல் கொடுத்து நல்ல காதை அடக்கி வெச்சாத்தான் மத்த காதோட லட்சணம் தெரியும். அவசரத்துல அதை விட்டிருந்தோம். முதல் டெஸ்ட்ல சத்தத்தைக் கேட்டதெல்லாம் நல்லா இருந்த இடது காதுதான். மறுபடி எடுத்தா, வலது காது பழையபடியே.

தலையைத் தொங்கப்போட்டு நின்ன எங்களை நீங்க திட்டல. ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்துல உக்காந்தீங்க.

"நான் செஞ்ச ஆபரேஷன் உங்களுக்கு உதவலைங்க. வெச்ச எலும்பு நகர்ந்திருக்கும்னு நினைக்கிறேன். திரும்பத் திறந்து பார்க்கலாம், ஆனா முழுசா வரும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். வேண்டாம்னா காது கேக்குற மெஷின் மாட்டிக்கலாம்."

"அப்போ பழத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போகலாமா மேடம்?"

நீங்க சிரிச்சீங்க. அவரும் சிரிச்சார், சிரிக்கும்போதே கண் கலங்கிடுச்சு. தனக்குக் கேக்கலேன்னு அதுக்கப்புறம்தான் வாய்விட்டுச் சொன்னார். திரும்பத் திறக்கவும் சம்மதிச்சார்.

ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் பொறுத்து, இரைச்சல் கொடுத்து டெஸ்ட் எடுத்தோம். பக்கத்துல சாதாரணமா பேசினா கேக்குது, குசுகுசுன்னு பேசினா கேக்கல. வெற்றின்னு எழுதப் போன எங்களைத் தடுத்து, ஓரளவுன்னு எழுதச் சொன்னீங்க. மாநாட்டுக்கும் அந்த ஓரளவுதான் போச்சு. வீட்டம்மாதான் ஒத்துக்கல.

"திட்டினா திரும்பிப் பார்க்கிறார் மேடம். எனக்கு இது முழுசு."

மேடம், உடம்பு எப்படி இருக்குன்னு இனிமே நாங்க அடிக்கடி போன் பண்ணுவோம். எங்க மனசு நோகக் கூடாதேன்னு நல்லா இருக்கேன்னு சொல்லிடாதீங்க. நிஜத்தைச் சொல்லுங்க. அந்த நிஜம் ரொம்ப ரொம்ப வருஷத்துக்கு நல்லதாவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்ககிட்ட உண்மையைக் கேட்டுப் பழகின
காது மூக்கு தொண்டைப் பிரிவு டாக்டர்கள், நர்ஸுகள், டெஸ்ட் ரூம்காரங்க, வார்டு ஊழியர்கள்