முழங்கால் தண்ணீரில் நின்ற கப்பல்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. என் வலது கை மேல் ஆணை. படம் எழுதுகிற கை. பார்த்ததைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை தூக்கல் என்பதும் உண்மைதான். ஏட்டையா அதையும் எழுதிக்கொள்ளலாம்.

பெயர் திம்மப்பன். ஊர் பாரூர். தொழில் கடல் ஓவியம். ஓசூரில் லாரிகளின் முதுகில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதிக்கொண்டிருந்தவன்தானே என்று சிலர் சொல்வார்கள். அது இரண்டு கடல் பயணங்களுக்கு நடுவே நான் ஓய்வெடுத்த காலம். ஓய்வு பதினான்கு வருடம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

மற்றபடி ஏடன் துறைமுகத்தைப் பென்சிலால் பிடித்தவன் நான். மலாக்கா பக்கம் புயலில் கொடிமரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டு, மோதுகிற அலையிலேயே பிரஷ்ஷைத் தொட்டு வண்ணம் எழுதியிருக்கிறேன். ஒரு திமிங்கிலம் படம் முடிகிறவரை இரண்டு நாள் கூடவே வந்தது. முடிந்ததும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது. நான் கண்ட விமர்சகர்களில் அதுதான் நாகரிகமானது.

எண்பத்து நாலில், ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் தொழிலாளர் மன்ற ஹாலில், என் பன்னிரண்டு படங்களை மாட்டினார்கள். ஓசூரிலிருந்து கடல் வெகுதூரம். அதனாலேயே அங்கே கடல் ஓவியத்துக்கு நல்ல மரியாதை. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சோப்பு வாசனையோடு நின்று வாய் பிளந்தார்கள். மேனேஜர் பெங்களூர்க்காரர். “ஞாயித்துக்கிழமை ஃபிரண்ட்ஸோட வர்றேன். அவங்களுக்கும் பிடிச்சிட்டா அடுத்த மாசம் பெங்களூர்ல வெப்போம்” என்றார். ஐம்பத்தாறு வயதில் ஒருவனை முதல்முறையாக ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று கூப்பிட்டால் அவன் என்ன ஆவான் என்று உங்களுக்குத் தெரியாது, ஐயா. உங்களைப் பிறந்ததிலிருந்தே ஐயா என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்.

வியாழக்கிழமை ஷௌகத் அலி பாய் வந்தார். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தவர். அதற்கு முன் பதினோரு வருடம் சரக்குக் கப்பலில் சமையல். ‘சூயஸில் விடியல்’ என்ற படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

“திம்மண்ணா, கப்பலுக்குப் பக்கத்துல என்னா அது, கொக்கா?”

“ஆமா பாய். கடல் கொக்கு.”

“முழங்கால் தண்ணில நிக்குதே?”

“அதுக்குக் கால் நீளங்க.”

“அப்போ கப்பல் என்னா, தரையில குந்திக்கினு இருக்குதா?”

ஹால் முழுக்கச் சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. என் தோளில் கை போட்டார். “இது பாரூர் ஏரிண்ணா. அலையே காணோம் பாரு. கெடக்குது, வுடு. ஞாயித்துக்கெழம நானே வந்து அந்த மேனேஜருகிட்ட சொல்றேன். இவரு கடலப் பாக்கல, ஆனா ஏரிய என்னமா எழுதறாருன்னு. அதுல என்னா கொறச்சல்?”

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

எதிரில் இல்லாததை எழுத என் கைக்கு வராது, ஐயா. அது என் தொழில் சுத்தம். கடல் ஞாபகம் கொஞ்சம் மங்கியதால் ஏரிக்கரையில் உட்கார்ந்து அதைப் புதுப்பித்துக்கொண்டேன். கொக்கு வந்து நின்றது, எழுதினேன். இது ஒரு குற்றமா?

சனிக்கிழமை காலை மண்டிக்குப் போனேன். “அலை இல்லேன்னீங்களே பாய். பர்கூர்ல ஒரு பழைய கல்குழி தண்ணியா கெடக்குது. கப்பல்ல ஆளு எப்படி நிப்பான்னு நின்னு காட்டுங்க, திருத்திடறேன்” என்றேன். மனிதர் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

“நீச்சல் தெரியுமா பாய்?”

“கப்பல்தாண்ணா நீந்துது. நான் வெங்காயம் இல்ல உரிச்சிக்கினு இருந்தேன்.”

இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

குழியில் நாற்பதடித் தண்ணீர். நாலு பக்கமும் கத்தியால் அறுத்த மாதிரி கருங்கல். பிடிக்க ஒரு புல் கிடையாது. தண்ணீருக்கு முதுகைக் காட்டி, விளிம்பில் அவரை நிறுத்தினேன். மாடலை நிறுத்துவது ஓவியனின் உரிமை. வெளிச்சம் சரியாக விழவில்லை. ‘கொஞ்சம் பின்னால’ என்றேன். ‘இன்னும் கொஞ்சம்’ என்றேன். மூன்றாவது முறை சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. அவரை நான் தொடவே இல்லை. ஏட்டையா அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதட்டும்.

“திம்மண்ணா, கைய குடு” என்றார்.

கையில் பென்சில் இருந்தது. தவிர, அவர் பத்தடி கீழே இருந்தார். அப்போதுதான் கவனித்தேன், குழியில் அலை வந்துவிட்டது. வட்டமாக ஓடிக் கல்லில் மோதித் திரும்பி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உச்சியில் வெள்ளையாக உடைந்தது. அவர் சொன்ன குறையை அவரே தீர்த்துவைத்துக்கொண்டிருந்தார். மூன்று ஸ்கெட்ச் எடுத்தேன். நான்காவதைத் தொடங்கும்போது தண்ணீர் மறுபடி ஏரி மாதிரி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜரின் நண்பர்கள் வந்தார்கள். கொக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை உடல் மிதந்தது. கால் தவறி விழுந்ததாக எழுதினார்கள். அடக்கத்துக்குப் போயிருந்தேன்.

பெங்களூரில் வைக்குமுன், அந்த மூன்று ஸ்கெட்ச்சை வைத்து எழுதிய ‘அரபிக்கடலில் ஒருவன்’ படத்தை ஓசூர் ஹாலில் ஒரு வாரம் மாட்டினார்கள். பாயின் மனைவி ரஹமத் பீவி வந்து நின்றார்.

“எங்க ஊட்டுக்காரரு மாதிரியே இருக்குதுண்ணா.”

“கடல்ல எல்லா மொகமும் ஒண்ணுதாம்மா.”

“கண்ணு யாரையோ பாக்குது. அந்த ஆளு வருவான்னு நம்பிக்கினு பாக்குது” என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு போனார். கலை தெரிந்த பெண்மணி.

ஏழு வருடம் அந்தப் படம் பல ஊர் பார்த்தது, பரிசும் வாங்கியது. நீங்கள் யாரும் என்னைத் தேடவில்லை, நானாகத்தான் வந்தேன். காரணம் மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள். போன வாரம் பெங்களூரில் ஒரு விமர்சகர் அந்த முகத்தைக் காட்டி, ‘அபாரமான கற்பனை’ என்று பேசினார். என்னால் பொறுக்க முடியவில்லை. கற்பனை செய்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. எதிரில் நடந்ததைத்தான், நடந்தபடியே எழுதினேன். அதற்கு ஒரு அத்தாட்சி வேண்டும். உங்கள் முத்திரை போட்டுக் கொடுத்தால் போதும்.

அன்று குழி விளிம்பில், கல்லுடைக்கிறவர்கள் இறங்கி ஏறுவதற்காகப் பாறையில் கட்டி விட்டுப்போன வடக்கயிறு ஒன்று என் காலடியில் சுருண்டு கிடந்தது. மூன்று ஸ்கெட்ச்சிலும் அதை நான் எழுதவில்லை.