மேல்வீட்டாரின் மடக்குக் கத்தியைத் துலக்கியது குறித்து

என் பெயர் அப்பாதுரை, வயது 74, தகப்பனார் பெயர் மண்ணாங்கட்டி. திருவண்ணாமலை செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாள்தோறும் காலையில் விளக்கேற்றிப் பதிகம் ஓதிய பிறகே உணவு கொள்வது என் வழக்கம்.

என் வீட்டு மாடியறையில் சென்னையைச் சேர்ந்த பலராமன் என்பவர் வாடகைக்கு இருக்கிறார். அவர் பழைய மடக்குக் கத்திகளைச் சேகரிப்பவர். ஒரு முறை மரப்பிடி போட்ட ஒரு கத்தியைக் காட்டி, அது எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டது என்றும், சேகரிப்பவர்கள் பழையதையே விரும்புவதால் இப்போது அதே அச்சில் புதிதாகவும் செய்து விற்கிறார்கள் என்றும் கூறினார். அதன் அலகு கறுத்திருந்தது. அந்தக் கருமையே பழமைக்கு அடையாளம் என்று அறியாமல், அதை நான் பராமரிப்பின்மை என்று எண்ணினேன்.

ஆயுத பூஜையன்று பலராமன் ஊரில் இல்லை. அறைச் சாவி என்னிடம் இருந்தது. வீட்டிலுள்ள இரும்பு ஒவ்வொன்றும் பூசையில் இருக்க வேண்டும் என்று கருதி, மேசை மேலிருந்த அந்தக் கத்தியையும் எடுத்துவந்தேன். அப்போது வீட்டு வேலை செய்யும் கீழ்பென்னாத்தூர் உண்ணாமலை, "ஐயா, அது மேல்வீட்டு சாரோடதுங்க. கேக்காம தொட வேணாங்க" என்றார். அவர் சொல்லை நான் பொருட்படுத்தவில்லை. அதன் பிறகு அலகைப் புளியும் செங்கல் பொடியும் கொண்டு வெண்மையாகும் வரை தேய்த்து, எண்ணெய் பூசி, சந்தனமும் குங்குமமும் இட்டேன். மறுநாள் துடைத்து, உண்ணாமலையிடம் கொடுத்து மேசை மேல் வைத்துவிட்டு வரச் சொன்னேன்.

சனிக்கிழமை பலராமன் திரும்பிவந்து, பழைய கத்தியைத் திருடிக்கொண்டு புதியதை வைத்துவிட்டார்கள் என்று புகார் கொடுத்தார். அன்று மாலை உதவி ஆய்வாளர் என் வீட்டில் விசாரித்தபோது உண்ணாமலை என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "ரூமுக்குள்ள போனது நான்தாங்க. திருடலீங்க" என்றார். அதன் பிறகு என்னிடம் கேட்டபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது பொய். பிறர் பொருளைக் கேளாமல் தொடலாகாது என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தவன் என்ற வெட்கமே அதற்குக் காரணம். உண்ணாமலையை மறுநாள் பத்து மணிக்குக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை பதிகத்தை இரண்டாம் அடியில் நிறுத்திவிட்டு நிலையத்துக்கு வந்தேன். உண்ணாமலை எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார்.

நான் நடந்ததைக் கூறியபோது, கத்தியோடு அங்கே வந்திருந்த பலராமன் நம்பவில்லை. "வேலைக்காரம்மாவைக் காப்பாத்துறதுக்காக இப்படிச் சொல்றீங்க சார்" என்றார். அலகு மடங்கி அமரும் பிடியின் பள்ளத்துக்குள் என் விரல் எட்டவில்லை, அங்கே பார்க்கலாம் என்றேன். உதவி ஆய்வாளர் கைப்பேசி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே பழைய கருமை அப்படியே இருந்தது. அதன் மேல் சிறிது குங்குமமும் இருந்தது. பலராமன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "திருடு போயிருந்தா, எங்கயோ நல்லபடியா இருக்குதுன்னாவது நெனச்சிருப்பேன் சார்" என்றார். பிறகு புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார்.

பூசையன்று உண்ணாமலை என்னைத் தடுத்ததை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். இதை அவர் முன்னிலையில் உரக்கப் படிக்கவும் கேட்டுக்கொண்டேன். படித்தார்கள். அவர், "சரியாத்தான் இருக்குதுங்க" என்றார்.

இதில் உள்ளவை யாவும் உண்மை. முன்பு தெரியாது என்று நான் சொன்னது மட்டும் பொய்.

(ஒப்பம்) ம. அப்பாதுரை