இர்யாவுக்கு நான் தேர்ந்தெடுத்த மைக்

பாடுவதற்கு மைக் வாங்குவதும் செருப்பு வாங்குவதும் ஒன்றுதான். கடையில் போட்டுப் பார்க்கும்போது எல்லாமே பொருந்தும். நாலு தெரு நடந்த பிறகுதான் எது கடிக்கிறது என்று தெரியும். அதனால் கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்காதீர்கள், விலையைப் பார்த்தும் வாங்காதீர்கள். பாடப்போகிறவர் எந்த மேடையில், யார் பக்கத்தில் நின்று பாடப்போகிறார் என்று பார்த்து வாங்குங்கள்.

நம் ஏரிக்கரை நடன மண்டபத்துச் சங்கத்தார் இந்த வருஷ மலருக்கு இதைத்தான் எழுதித் தரச் சொன்னார்கள். "புதுசா பாட வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும் ஹில்க்கா, எளிமையா எழுதுங்க" என்றார் செயலாளர். எளிமையாகவே எழுதுகிறேன். கோடை முழுக்க, மழையானாலும் கொசுவானாலும், சனிக்கிழமை தவறாமல் வந்து ஆடுகிறவர்கள் நீங்கள். எனக்குப் பிள்ளைகள் மாதிரி. உங்களிடம் பாதியைச் சொல்லிப் பாதியை முழுங்குவது நன்றாக இருக்காது.

மைக்கில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை தன் முன்னால் இருக்கும் வாயை மட்டும் கேட்கும். பக்கத்தில் டிரம் அடித்தால் அதற்கென்ன, பின்னால் இடி விழுந்தால் அதற்கென்ன என்று இருக்கும். கொஞ்சம் முரடு. ஆனால் மேடைக்கு அதுதான். இன்னொரு வகைக்கு உடம்பெல்லாம் காது. உதடு பிரிவது, மூச்சு இழுப்பது, சொல்லின் கடைசியில் குரல் கரைவது எல்லாம் அதில் விழும். அமைதியான அறையில் அதைப் போல ஒன்று கிடையாது. மேடைக்குக் கொண்டுவந்தால் அது டிரம்மையும் அக்கார்டியனையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் விட, காலடி ஸ்பீக்கரை வாங்கிக்கொள்ளும்.

பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்காக அவர் காலருகே சாய்த்து வைக்கிற ஸ்பீக்கர் அது. மைக் அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டால், ஒன்றையொன்று கேட்டுக் கேட்டு ஊளையிட ஆரம்பிக்கும். ஊளை கூடாதென்றால் காலடி ஸ்பீக்கரைக் குறைக்க வேண்டும். குறைத்தால், பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது. தன் குரல் கேட்காதவர் கத்துவார். கத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. லாரி ஓரமாக நின்று பேசுகிறவருக்குத் தெரியாத மாதிரி.

இது எனக்கு நன்றாகத் தெரியும். நம் மண்டபத்தில் இத்தனை வருஷமாக ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரின் முன்னால் உட்கார்ந்திருப்பது நான்தான்.

அதற்கு முன்னால் நான் பாடிக்கொண்டிருந்தேன். உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கலாம். என் கணவர் ரெய்னோ அக்கார்டியன் வாசிப்பார், தாய்ஸ்டோ டிரம், நான் பாட்டு. நம் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒரு ஆட்டம் என்றால் இரண்டு பாட்டு. பெண்ணைக் கூப்பிட்டவன் இரண்டு பாட்டுக்கும் ஆடிவிட்டுத்தான் அவளைப் பழைய இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு பாட்டோடு கொண்டுவந்து விட்டால் அந்தப் பெண்ணுக்கு அவமானம். ஒரு சனிக்கிழமை எனக்குச் சளி. முதல் டாங்கோ பாட்டின் கடைசி வரியில் என் குரல் உடைந்தது. ஜோடிகள் கை கோத்தபடி நடனத் தளத்திலேயே நிற்கிறார்கள். இரண்டாவது பாட்டு வர வேண்டும். எனக்கு வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

என் தங்கை இர்யா தளத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். கூட ஆடியவனை அங்கேயே விட்டுவிட்டு மேடையேறி வந்தாள். என் கையிலிருந்து மைக்கை எடுத்தாள். பிடுங்கவில்லை, எடுத்தாள்.

"நீ போய் உக்காருக்கா. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பாடினாள். நன்றாகவே பாடினாள். அன்பாகத்தான் செய்தாள், எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். காபிக் கடையில் வரிசையில் நின்றவர்கள் என் தோளைத் தட்டி, "இப்படி ஒரு தங்கச்சி வாய்க்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார்கள்.

அடுத்த சனிக்கிழமைக்குள் எனக்குச் சளி போய்விட்டது. மேடையில் போய்ப் பார்த்தால் மைக் ஸ்டாண்டு என் மார்பளவுக்கு இறங்கியிருந்தது. இர்யா என்னைவிடக் குட்டை. ரெய்னோ குனிந்து அக்கார்டியன் வாரை மாட்டிக்கொண்டார். நான் கேட்கவில்லை. நம் ஊரில் இப்படிப்பட்ட விஷயங்களை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஸ்டாண்டில் இறுக்கிய திருகு பேசிவிட்டது. பிறகு ஒருநாள் ரெய்னோ, "உன் காது நல்ல காது ஹில்க்கா, நீ மிக்சரைப் பாத்துக்க" என்றார். பார்த்துக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வசந்தத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் இர்யாவின் பேட்டி வந்தது. நடுக்கோடைப் பண்டிகைக்கு அவள் பாடப்போவதைப் பற்றி. அந்த வருஷம் ஹெல்சின்கியிலிருந்து இசைத்தட்டு போடுகிறவர்கள் வந்து கேட்பதாக இருந்தார்கள். பிடித்தால் இலையுதிர் காலத்தில் அவள் பெயரில் ஒரு தட்டு. அவள் வாழ்க்கை முழுக்க விரும்பியது அது ஒன்றுதான், அது நமக்கெல்லாம் தெரியும். பேட்டியில் அவளிடம், எப்படிப் பாட வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "என் அக்கா தன் மைக்கை எனக்குக் கொடுத்தாள்" என்று சொல்லியிருக்கிறாள்.

கொடுத்தாளாம்.

அதே வாரம் வாத்தியங்கள் ஏற்றிவரும் வேன் வண்டியிலிருந்து இறக்கும்போது தாய்ஸ்டோ அவளுடைய மைக்கைக் கீழே போட்டு அதன் தலையை நசுக்கிவிட்டான். "நீயே ஒண்ணு பாத்து வாங்கிடு" என்றார் ரெய்னோ. இர்யாவும், "அக்கா எது வாங்கினாலும் எனக்குச் சரி" என்றாள்.

யுவாஸ்கூலா நகரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் தலைமுடியைக் குதிரைவாலாகக் கட்டிய மனிதர், நல்ல விவரமானவர். நான் கேட்டதை எடுத்துக் கொடுக்குமுன் ஒரு கணம் யோசித்தார்.

"இது வீட்ல உக்காந்து பதிவு பண்றதுக்குத்தாங்க அருமையா இருக்கும். மேடைக்கா?"

"மேடைக்குத்தான்."

"பக்கத்துல டிரம் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப வேணாங்க. பாடறவங்க பாவம்."

"தெரியும். இதையே கட்டிக் கொடுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் வைத்து இர்யாவைப் பாடச் சொன்னேன். அப்படி ஒரு குரலை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவளுடைய குரல்தான், ஆனால் உள்ளே விளக்கு ஏற்றின மாதிரி. ரெய்னோ எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். இர்யா என்னைக் கட்டிக்கொண்டாள். "உன்னைத் தவிர யாருக்குக்கா இப்படிப் பாத்து வாங்கத் தெரியும்?" என்றாள்.

முதல் சனிக்கிழமை மண்டபத்தில் சோதித்துப் பார்த்தோம். "எனக்கு எதுவும் கேக்கலக்கா, கொஞ்சம் ஏத்து" என்றாள். ஏற்றினேன். தேவைக்கு மேலேயே, சட்டென்று ஏற்றினேன். மைக் போட்ட ஊளையில் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தவர் இடுக்கியைக் கீழே போட்டார். தாய்ஸ்டோ காதைப் பொத்திக்கொண்டு, "யாரோட மாமியாரை மிதிச்சீங்க?" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். "குறை குறை" என்று ரெய்னோ கை காட்டினார். குறைத்தேன். அதற்குப் பிறகு யாரும் வாய்விட்டு ஏற்றச் சொல்லவில்லை. எது ஊளையிடும், எந்த அளவுக்கு இடாது என்று எனக்கல்லவா தெரியும். அவர்கள் என் காதை நம்பினார்கள்.

தளத்தில் நின்று கேட்ட உங்களுக்கு அவள் குரல் தேன் மாதிரி வந்திருக்கும். வந்தது. உங்கள் பக்கம் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் பக்கம்தான் ஒன்றும் இல்லை. டிரம்முக்கும் அக்கார்டியனுக்கும் நடுவில் நின்று, தன் குரல் எங்கே போகிறது என்று தெரியாமல் தள்ளித் தள்ளிப் பாடினாள். முதல் பாட்டு முடிந்ததும் என்னைப் பார்ப்பாள். விரலைக் கொஞ்சம் மேலே தூக்குவாள். ஆனால் ஜோடிகள் கை கோத்து நிற்கிறார்களே, ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான். உங்களைக் காக்க வைத்து மிக்சர்க்காரியோடு வாக்குவாதம் செய்கிறவள் அல்ல இர்யா. ஒரு தடவை கேட்பாள், இரண்டாவது தடவை கேட்பது நம் ஆட்களுக்கு வராது. நான் தலையாட்டுவேன். அவள் காலடி ஸ்பீக்கரின் சத்தக் குமிழின் மேல் விரலை வைப்பேன். இரண்டாவது பாட்டு தொடங்கும். அந்தக் குமிழைச் சில நாள் நான் இன்னும் கொஞ்சம் கீழேதான் திருகினேன்.

வேன் வண்டியில் முரட்டு வகை மைக் ஒன்று உபரியாகக் கிடந்தது. அத்தனை வாரமும் என் இருக்கைக்கு அடியில்தான் இருந்தது. துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

ஜூன் தொடக்கத்திலேயே அவளுக்குக் காலையில் குரல் கரகரத்தது. நம் ஊரில் தொண்டைக்குச் சப்புகிற தார் மணக்கும் மிட்டாய்களும், தொண்டையை மரத்துப்போக வைக்கிற மாத்திரைகளும் வாங்கிக் கொடுத்தேன். வலி தெரியாவிட்டால் நன்றாகப் பாடலாம் அல்லவா? "பேசாம இரு, பேசணும்னா கிசுகிசுன்னு பேசு" என்றேன். கிசுகிசுப்பது புண்பட்ட தொண்டைக்கு இன்னும் கெடுதல் என்று எனக்குத் தெரியும். பாடிய காலத்தில் எனக்கு மருத்துவர் சொன்னது. மருத்துவமனைக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டாள். "போனா ஓய்வெடுன்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் ஹெல்சின்கிக்காரங்க யாரைக் கேப்பாங்க?" என்றேன். யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றாள். நியாயமான பேச்சுக்கு அவள் எப்போதும் கட்டுப்படுவாள்.

நடுக்கோடைப் பண்டிகை மாலை உங்களுக்கு நினைவிருக்கும். ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. ஹெல்சின்கிக்காரர்கள் இருவர் தூணருகே காபிக் கோப்பையோடு நின்றார்கள். டாங்கோ ஆட்டம். முதல் பாட்டு முடிந்தது, என்னைப் பார்த்தாள், விரலைத் தூக்கினாள், நான் தலையாட்டினேன். இரண்டாவது பாட்டின் உச்சியில், ஒரு சொல்லின் நடுவில், குரல் நின்றது. உடையவில்லை, நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. பிறகு கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டாள். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

நீங்கள் அப்படியே நின்றீர்கள். பாதிப் பாட்டில் கை கோத்தபடி.

நான் எழுந்தேன். மிக்சரை விட்டு இறங்கி மேடைப் படியில் கால் வைத்தேன். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம், என்னுடைய சுருதியிலேயே இருந்தது. மைக்குக்காகக் கையையும் நீட்டிவிட்டேன். உதவி செய்யத்தான். ரெய்னோ வாசிப்பதை நிறுத்தாமல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"வேணாம் ஹில்க்கா. நான் வாசிச்சே முடிச்சிடறேன்."

வாசித்தே முடித்தார். நீங்களும் ஆடியே முடித்தீர்கள். யாருக்கும் ஒரு குரல் தேவைப்படவில்லை. நான் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாகப் பாட்டு முடியும்வரை நின்றேன்.

அறுவைச் சிகிச்சை நடந்தது, குரல் நாணில் தழும்பு தங்கிவிட்டது. இர்யாவுக்கு இப்போது இருப்பது கதவிடுக்கில் வரும் காற்று மாதிரி ஒரு குரல். பாட்டு இனி இல்லை. ரெய்னோ ஒரு பையனைப் பாட வைத்திருக்கிறார். ஸ்டாண்டை அவன் உயரத்துக்கு ஏற்றியாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

இர்யா இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் வந்து மிக்சர் பக்கத்தில் என்னோடு உட்காருகிறாள். எனக்குக் காபி வாங்கி வருகிறாள். விசாரிக்கிற எல்லோரிடமும் அந்தக் காற்றுக் குரலில் ஒன்றையே சொல்கிறாள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"தப்பு என்னோடதுதாங்க. வெறி பிடிச்ச மாதிரி கத்திப் பாடினேன். அக்கா எவ்வளவோ சொல்லிப் பாத்தா, நான்தான் கேக்கல."

சொல்லிவிட்டு என் கையைத் தட்டிக் கொடுக்கிறாள். கேட்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள். எவ்வளவு பெருந்தன்மை என்கிறார்கள். போன வாரம் செயலாளரும் அதைத்தான் சொன்னார்.

நான் அவளிடம் எதையும் சொல்லிப் பார்க்கவில்லை. கத்தாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்குச் சங்கடமாக இருக்குமே என்று அவளாக இட்டுக்கட்டுகிறாள், அன்பாக. அன்று மேடையிலும் இப்படித்தான், அன்பாக வந்து என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். எது என்னுடையதோ அதை இதமாக எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்வதும், அதற்கு ஊரே அவளைப் பாராட்டுவதும் இனி போதும். இதையாவது அவள் என்னிடம் விட்டுவைக்க வேண்டும். வசந்தத்திலிருந்து நடுக்கோடை வரை, ஒரு பாட்டு தவறாமல், விரல் நுனியில் அளந்து நான் செய்த வேலை இது. அவளுடைய கவனக்குறைவு என்று மலரில் அச்சாகிவிடக் கூடாது.

ஆகவே தெளிவாக எழுதிக் கொடுக்கிறேன். இர்யா தன் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளவில்லை. நான் கெடுத்தேன். அந்த மைக் என்ன செய்யும் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தேன், அது செய்யத் தயங்கிய நாட்களில் குமிழைத் திருகி உதவினேன். செயலாளர் இதில் ஒரு வரியையும் வெட்ட வேண்டாம். ஏதோ கோபத்தில் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசவும் வேண்டாம். எனக்கு என் தங்கைமேல் ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை.