கை தெரியாத கொடி

இல்லண்ணே, தையல் வேணாம். கொடிய அச்சுலயே போட்டுருங்க. ஒரே கதர்த் துண்டு. மேல காவி, கீழ பச்சை, ரெண்டு சாயமும் முக்கி எடுத்துட்டு நடுவுல ராட்டைக்கு ஒரு மரக்கட்டை அச்சு. வேலை முடிஞ்சுச்சு.

சாயம் ஓடத்தான் செய்யும். மழையில நனைஞ்சா காவி வெள்ளையில எறங்கும். மூணு துணியச் சேத்துத் தச்சாத்தான் காத்துக்கு நிக்கும், அதுவும் தெரியும். தையக்காரர் பொண்டாட்டி கிட்டயே சொல்றீகளே.

முக்காலியக் கொஞ்சம் உள்ள இழுத்துப் போட்டுக்கங்க, வெயில் அடிக்குது. தெருவப் பாக்க வேணாம். என்னையப் பாத்தே பேசுங்க.

வீட்டுக்காரரா? இல்லண்ணே, வெளிய போயிருக்காரு. மிசினு சும்மாத்தான் கெடக்கு. நானும் தைப்பேன், தைக்காம என்ன. ஆனா இதத் தைக்க மாட்டேன். உங்க மேல கோவமா? கோவம்னா இம்புட்டு நேரம் பேசிக்கிட்டிருப்பேனா.

எம்புட்டுப் பெருசு வேணுங்கறீக? கட்டில் விரிப்பு அளவுக்கா? அப்ப அச்சுதான் சுளுவு. ராட்டையத் தனியா வெட்டி ஒட்டுத் தையல் போட்டா, சக்கரத்துக் கம்பி ஒவ்வொண்ணும் கத்தரியிலயே பிஞ்சு போகும். போன தடவை அவரு அதோடதான் ரெண்டு நாளு மல்லுக்கட்டுனாரு. தலைவருக எல்லாரையும் புடிச்சு உள்ள போட்ட நேரம் வேற, நூலுகூடக் கெடைக்கல. வேட்டிக் கரையிலருந்து பிரிச்சு எடுத்தாரு.

விட மாட்டேங்கறீகளே. சரி, சொல்றேன். தையல்ல கை தெரியும்ணே. எங்க வீட்டுக்காரரு எதத் தச்சாலும் மூலைக்கு வந்ததும் துணியத் திருப்பி, வந்த வழியிலயே ரெட்டையா ஓட்டிட்டுத்தான் நூலை அறுப்பாரு. பழக்கம். போலீசுக்குக் காக்கி தச்சுக் குடுக்கிறதும் அவருதான. திருமங்கலத்துல நீங்க ஏத்துன கொடிய எறக்கிக் கொண்டாந்து மேசையில விரிச்சிருக்காக. இன்ஸ்பெக்டரு அதையே பாத்துக்கிட்டு இருந்தாராம். அப்புறம் குனிஞ்சு தன்னோட கால்சட்டை மடிப்பத் திருப்பிப் பாத்திருக்காரு. ரெண்டும் ஒரே கை.

முந்தாநாளு வந்து அவரை டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக.

எந்திரிக்காதீக. உக்காருங்க. எதுத்த வெத்தலைக் கடையில வெள்ளை வேட்டி கட்டி ஒருத்தரு இருக்காருல்ல, திரும்ப வேணாம், அவரு ஏட்டு. கொடிக்குச் சொன்ன ஆளு வந்தா நான் வாசல்ல தண்ணி தெளிக்கணும். தெளிச்சா இவரை விட்டுருவோம்னாக. கடைக்கு நாலு பேரு வாராக, போறாக, உங்களை அவருக்கு அடையாளம் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

தெளிக்கணும்னுதான் இருந்தேன். பொய் சொல்லல. செம்புல தண்ணி மோந்து வச்சுக்கிட்டுக் காலையிலருந்து உக்காந்திருக்கேன். நீங்க வந்து நின்னதும் ஒருதடவை செம்பைத் தொட்டுட்டேன். ஆனா நேத்துச் சோறு குடுக்கப் போனப்ப அவரு மொகத்தப் பாத்தேன்ல. அம்புட்டு அடிக்கும் உங்க பேரு அந்த வாயிலருந்து வரல. அதை நான் எடுத்துக் குடுத்தா, அவரு வாங்குன அடி என்னத்துக்குண்ணே?

நீங்களே டேசன்ல போய் நிக்கிறதாவது. வேணாம். நீங்க போனா அவரை விட்டுருவாகன்னு யாரு கண்டா? ரெண்டு பேரையும் வச்சுக்குவாக. எனக்கு இங்கிட்டும் வழியில்ல, அங்கிட்டும் வழியில்ல. உங்களுக்கு இருக்கு, போங்க.

இந்தச் சட்டைய மடிச்சுக் கையில வச்சுக்கங்க. தைக்கக் குடுத்தத வாங்கிட்டுப் போறாப்புல மெதுவா நடங்க. கொடிய வேற எங்கிட்டாச்சும் அச்சுல போட்டுக்கங்க.

நானா? நான் சாயந்தரம் சோறு கொண்டு போவேன். ஆளு வந்தானான்னு கேப்பாக. யாரும் வரலைம்பேன். உள்ள இருக்கவருக்கும் அது கேக்கும். அவருக்குப் புரிஞ்சுரும், சிரிக்கப் பாப்பாரு. உதடு கிழிஞ்சு கெடக்கு, சிரிக்கத்தான் முடியாது.