‘இன்னா’ என்று கேட்ட மெஷின்

இருந்தவர்கள்: ரியாசுதீன், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவன். சோமநாதன், அவனுடைய கூட்டாளி, குருக்கள் வீட்டுப் பையன். மஸ்தான், ரியாசுதீனின் அண்ணன்.

இடம்: திருவண்ணாமலை, சன்னதித் தெரு, சோமநாதன் வீட்டு மாடி அறை. 1987.

— அதான் கேக்கறேன் சோமு. மெட்ராஸ் கம்பெனிக்காரன் கைக்கு நம்ம புரோகிராம் எப்படிப் போச்சு?

— நம்மளோடதுன்னு எப்படிச் சொல்றே ரியாஸ்? ரெண்டு தினுசு கம்ப்யூட்டரை ஒயர் போட்டு இணைச்சு ஃபைல் அனுப்பறவா வேற யாருமே இல்லையா?

— வேலூர் மில்லுல என் கண்ணால பாத்தேன்டா. நான் ஆர்டர் கேக்கப் போறதுக்குள்ள அவன் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கான். அதே மாதிரி ஃபைலைத் துண்டு துண்டா அனுப்புது. துண்டுக்குத் துண்டு கூட்டுத்தொகை போடுது. தொகை ஒதைச்சா, வாங்கற மெஷின் அந்தத் துண்டைத் திருப்பிக் கேக்குது. எப்படிக் கேக்குதுன்னு சொல்லட்டா? ‘இன்னா?’ன்னு. என்னைத் தவிர எவன்டா அப்படி எழுதுவான்?

— இவன்கிட்ட இன்னாத்துக்குத் தம்பி ஜாஸ்தி பேச்சு? இந்த ரூமு சாவி ஒண்ணு உங்கிட்ட, ஒண்ணு அவங்கிட்ட. கெளம்பு.

— இருங்கண்ணே. சோமு, என்னைப் பாத்துச் சொல்லு. காலேஜை உட்டுட்டு எழுதினதுடா அது. நீ வித்தியா?

— கேட்டுட்டியா. சரி, என் பிளாப்பியைப் போட்டுப் பாரு. தொகை ஒதைச்சா ‘என்ன?’ன்னுதான் வரும். ‘இன்னா’ன்னு வந்தா வாங்க வர்றவா சிரிப்பான்னு நான் சொன்னேன், நீ மொறைச்சிண்டே மாத்திக் குடுத்தே. ‘இன்னா’ இருக்கறது ஒரே பிளாப்பி. அது உன் வீட்டுல இருக்கு.

— என் பொட்டியில. அதுக்குப் பூட்டுகூட... அண்ணே?

— இன்னாடா அப்படிப் பாக்கற?

— என் பொட்டியைத் தொட்டீங்களா?

— உன் நல்லதுக்குத்தான் தம்பி. அந்தக் கம்பெனி ஆளு வந்தான். தம்பி எழுதினதைக் குடுங்க பாய், மெட்ராஸ்ல வேலை போட்டுத் தரேன்னான். படிப்பையும் உட்டுட்டு ஒயரைக் கட்டிக்கினு அழுவுற. அம்மா படற பாட்டை யார் பாக்கறது? குடுத்தேன்.

— வேலை குடுத்தானா?

— அப்புறம் ஆளையே காணோம்.

— அப்ப வழி நெடுக ‘சோமுதான், சோமுதான்’னு சொல்லிக்கினே வந்தீங்களே, எதுக்கு?

— நான் கூடப் பொறந்தவன்டா. கூட்டாளி போனா இன்னொருத்தன் கெடைப்பான்.

— சோமு, டேய். நாம ரெண்டு பேரும் இப்பவே வேலூர் போலாம். மில்லுக்காரர்கிட்ட நான் பேசறேன்.

— வெளியில போங்கோ ரெண்டு பேரும். கதவைச் சாத்தணும்.

— உள்ள என் மெஷின் இருக்குதுடா.

— ஆள் அனுப்பு, குடுத்து விடறேன். நீ வராதே.

— நான் தப்பா நெனைச்சுட்டேன். அதுக்காக இப்படியா?

— போன பௌர்ணமிக்கு அந்தக் கம்பெனி ஆளு கிரிவலம் வந்தான். யார் குடுத்தான்னு அவனே பேரைச் சொல்லிட்டுப் போனான். உனக்குத் தெரிஞ்சா உங்க வீடு ரெண்டாயிடுமேன்னு வாயை மூடிண்டு இருந்தேன். இன்னிக்கும் சொல்றதா இல்லை. ‘வித்தியா’ன்னு நீ கேட்டே பாரு, அதுவரைக்கும். நகரு.

— சோமு. தொறடா. சோமு...

— உள்ள பூட்டிக்கினான். வா தம்பி, நம்ம வீட்டுக்குப் போலாம்.